செப்புக் குடத்துக் கடல்

கெட்டவனுக்கு ஓர் உயிரைக் கொல்ல ஏதாவது காரணம் வேண்டும். அக்கறையுள்ளவனுக்கு ஒரு குடம் போதும். நான் அக்கறையுள்ளவன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீடு பஷீருடையது. ஜரிகை வியாபாரி. அவன் கூடத்தில் ஒரு கடல் இருந்தது. நாலடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், பவளங்கள், நத்தைகள், இரண்டு இறால், ஒரே ஒரு ஆரஞ்சு மீன். மூலையில் ஒரு பச்சைப் பவளம். கட்டைவிரல் அளவில் அதை வைத்தவள் அவன் மனைவி நஸ்ரின். அவள் இறந்து இரண்டு வருடம். பவளம் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது.

மகளின் பிரசவத்துக்குச் சென்னை கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தான்.

“தெனம் தண்ணி ஆவியா போய்க்கினே இருக்கும்பா. அந்தக் கோடு வரைக்கும் ஊத்தணும். இந்த மிஷின் தண்ணி மட்டும்தான். வேற ஒரு சொட்டு கூடாது.”

“தண்ணி ஊத்துறதுக்கு இவ்ளோ பாடமா?”

“மத்தது எது போனாலும் பரவால்ல சேகரு. பச்சைய மட்டும் பாத்துக்கோ.”

அந்த மிஷின் புதுசு. முதல் குழல் மண்ணைப் பிடிக்கும், அடுத்தது குளோரினை. அதற்குப் பிறகு ஒரு சவ்வு உப்பை வடிக்கும். மிச்சத்தை ரெசின் மணிகள் விழுங்கும். வயிறு நிறைந்தால் தாமே நிறம் மாறும். ஏதாவது தப்பினால் பஷீரின் போன் அலறும். கடைசியில் சின்னத் திரையில் 000. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படிகிற எங்கள் ஊர் போர் தண்ணீர், ஒன்றுமில்லாததாகிச் சொட்டியது. (எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாட்களில் குழாயைப் பார்த்தாலே கலங்கும்.)

இத்தனை தவம் செய்து வந்த தண்ணீரை அவன் எதில் பிடித்தான் தெரியுமா? பிளாஸ்டிக் வாளியில். என்னால் தாங்க முடியவில்லை. என் மனைவி கல்பனா சீராகக் கொண்டுவந்த செப்புக் குடம் எங்கள் வீட்டில் இருந்தது. விருந்தாளிக்கும் சாமிக்கும் அதில்தான் தண்ணீர். புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தேன்.

(ஒன்றுமில்லாத தண்ணீர் பசியோடு இருக்கும், தொட்ட உலோகத்தைத் தின்னும், செம்பு பவளத்துக்கு விஷம் என்பதெல்லாம் மிஷினோடு வந்த தாளிலேயே இருந்தது. நான் எழுதுகிறவன்; வாசிக்கிற பழக்கம் இல்லை.)

இரவெல்லாம் குடத்தில் நின்ற தண்ணீரில், மிஷினோடு வந்த கை மீட்டரை வைத்தேன். 002. இரண்டுதானே!

மூன்றாம் நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. தூக்கம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் இறால்கள் மல்லாந்தன, பவளங்கள் முகம் மூடிக்கொண்டன. “உன் கடல் மௌன விரதத்தில் இருக்கிறது” என்று பஷீருக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்குப் பேத்தியின் படம் வந்தது. பிறந்து ஒரு மணி நேரம்.

கல்பனா வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாங்க இது, வாடை அடிக்குது? அண்ணனுக்குப் போன் பண்ணுங்க.”

“கொழந்த பொறந்த வீட்டுக்குச் சாவுச் சேதி சொல்லச் சொல்றியா?”

அது நாகரிகம் அல்ல, பயம். பயத்தில் அக்கறை கூடிவிட்டது. கோட்டைத் தாண்டி இன்னும் அரைக் குடம் ஊற்றினேன். ஒன்பதாம் நாள் பச்சை வெளுத்து எலும்பாகியிருந்தது.

பத்தாம் நாள் இனிப்புப் பெட்டியோடு வந்த பஷீர், பெட்டியைக் கீழே வைக்காமலே தொட்டி முன் நின்றான். பிறகு மிஷினைப் பார்த்தான். 000.

“மிஷின் சரியா இருக்குதே. எதுல புடிச்ச?”

நான் குடத்தைக் காட்டினேன். கழுத்தில் மூன்று விரல் குங்குமத்தோடு (அதுவும் நான்தான்) அது ஜொலித்தது. விரலால் தட்டிப் பார்த்தான்.

“நல்லா தேச்சிருக்க” என்றான்.

மண்ணும் உப்பும் தாண்ட முடியாத அத்தனை காவலையும், குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவிலிருந்த ஒரு முழத் தூரத்தில் நான் தாண்டியிருந்தேன். அவன் தொட்டிக்குள் கையை விட்டு அந்த வெள்ளையை எடுத்து, கழுவி, சட்டை நுனியால் துடைத்தான். மீன் மட்டும் பிழைத்தது. அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எட்டு மாதம் அவன் எங்கள் படி ஏறவில்லை. ஒரு நாள் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தான். கல்பனா பழக்கதோஷத்தில் செப்புச் செம்பில் தண்ணீரை நீட்டிவிட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

பஷீர் வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். “ஏம்மா, நான் வெளுத்துட்டா இந்தப் பேத்திக்கு யாரு பதில் சொல்றது?” என்று கேட்டுவிட்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். கல்பனா சிரித்துக்கொண்டே அழுதாள்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும், “சும்மா ஊத்துனதா, அப்பா அக்கறையா ஊத்துனதா?” என்று என் மகள் கேட்பாள். பஷீர் இருந்தால் அவனே முந்திக்கொள்வான். அவன் தொட்டியில் புதுப் பவளங்கள் வந்துவிட்டன. ஊருக்குப் போனால் சாவியைக் கல்பனாவிடம் தருகிறான். பழைய வெள்ளை, அலமாரியில் நஸ்ரினின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதை எடுத்துத் தூசி துடைப்பான்.

அன்றைக்கு மட்டும் அந்த நகைச்சுவையைச் சொல்ல மாட்டான்.