முதலாவது உங்கள் இஷ்டம், இரண்டாவது மட்டும் எனக்கு

மனித இனத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. தோற்றால் தன்னைக் குறை சொல்ல மாட்டார். ஜெயித்தவனையும் சொல்ல மாட்டார். ஆட்டத்தின் விதியைச் சொல்வார். முறைத் திருத்தர் என்று இவருக்குப் பெயர் வைப்போம். எல்லா ஊரிலும் கிடைப்பார். பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில் கிடைத்தவர் துளசிங்கம்.

மீனவர் சங்கத் தலைவர் தேர்தலில் ராஜவேலுவிடம் இரண்டு தடவை தோற்றவர். தலைவருக்குத்தான் கங்கையம்மன் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தத் துணி தன் தலையில் ஏற வேண்டும் என்பதைத் தவிர துளசிங்கத்துக்கு வேறு ஆசை கிடையாது. தலை தயார். ஓட்டுதான் இல்லை. அதற்குக் காரணம் அவரா? சேச்சே! முறை.

ஒருநாள் கைப்பேசியில் ஞானம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடுவதில்லையாம். பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுகிறார்களாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவரைக் கழித்துவிட்டு, அவருடைய சீட்டுகளில் இரண்டாவதாக இருப்பவருக்கு அந்த ஓட்டைச் சேர்க்கிறார்களாம். அன்றிலிருந்து டீக்கடையில், வலை பின்னுகிற இடத்தில், நிச்சயதார்த்தப் பந்தியில், ஒரு சாவு வீட்டில்கூட (பிணம் எடுக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு) இதே பாடம்.

"இன்னா மாமா, ஆஸ்திரேலியாவுல எறா கிடைக்குதா?" என்றான் வலை பின்னிக்கொண்டிருந்த லோகேஷ்.

"அங்க ஜனநாயகம் கிடைக்குதுடா, கம்மனாட்டி!"

ஊர் ஒப்புக்கொண்டது. முறை புரிந்து அல்ல. மனுஷர் வாயை மூடினால் போதும் என்று.

துளசிங்கத்தின் கணக்கே தனி. ஏரியில் வலை போட, சீட்டுக் குலுக்கி வரிசை வைக்கும் 'பாடு' முறையில் வளர்ந்தவர் அவர். இன்றைக்கு இரண்டாவதாக நிற்கிற வலை நாளைக்கு முதலாவது, காத்திருந்தால் போதும். தேர்தலும் அப்படித்தானே? ஆகவே வீடு வீடாகப் போய், "முதலாவது உன் இஷ்டம்பா, ரெண்டாவது மட்டும் எனக்குப் போடு" என்றார். இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? ராஜவேலுவின் ஆட்கள் சரி என்றார்கள். மூன்றாவது வேட்பாளர் தனக்கோடி, துளசிங்கத்தின் மனைவி கலைவாணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவர் ஆட்களும் சரி என்றார்கள். பதிலுக்கு இரு வேட்பாளர்களிடமும், "என்னோட ரெண்டாவது உனக்குத்தான்" என்று தனித்தனியாகக் கையடித்துக் கொடுத்தார்.

சொன்ன சொல்லை ஊர் காப்பாற்றியது. சங்கச் செயலாளர் வினோதினி சீட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இரண்டாவது துளசிங்கம். அவர் தலைமுடியைத் தடவிச் சரிசெய்துகொண்டார்.

முதலாவதில் ராஜவேலுவும் தனக்கோடியும் சரிக்குச் சரி. துளசிங்கத்துக்கு ஒன்றே ஒன்று.

"மாமா, உங்களத்தான் கழிக்கணும்."

"இன்னாம்மா இது! ஊரே எனக்கு ரெண்டாவது போட்டுகீது, அத்த எண்ணு!"

"கழிஞ்சவங்க சீட்லதான் ரெண்டாவதப் பாக்கணும். நீங்க சொன்ன ரூல்தான மாமா?"

துளசிங்கம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஒன்றே ஒன்று என்றால், அது அவருடையது. அப்படியானால் இவள்?

"இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்றாள் கலைவாணி. "ரெண்டாவது போடுனு ஊரெல்லாம் கேட்டுக்கினு திரிஞ்சது யாரு? நானும் ஊர்லதானே கீறேன்! மொத ஓட்டு எங்கண்ணனுக்கு."

வினோதினி அந்த ஒற்றைச் சீட்டை எடுத்தாள். மைத்துனர் தனக்கோடி பரிவட்டத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வருவதை நினைத்துப் பார்க்கப் பிடிக்காமல், எப்படியும் இதற்கு வேலை வராது என்ற தைரியத்தில், துளசிங்கம் போட்டிருந்த அந்த இரண்டாவதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"ராஜவேலு."

"மச்சான்!" என்று எழுந்தார் தனக்கோடி. "என்னாண்ட இன்னா சொன்ன நீ?"

ஒரே ஓட்டில் ஜெயித்த ராஜவேலு ஓடி வந்து துளசிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அண்ணே, இந்த வருசம் பரிவட்டம் நீ கட்டிவுட்டது!"

சாயங்காலமே துளசிங்கம் டீக்கடையில் இருந்தார். "முறையில கோளாறுப்பா. பேசாம பாடு மாதிரி சீட்டுக் குலுக்கிடணும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் குடியிருப்போர் சங்கத்திலோ, கல்யாண வீட்டுச் சீட்டாட்டத்திலோ, "இந்த முறையே சரியில்லை" என்று கடைசியாக எழுந்து நின்றீர்களே, அன்றைக்கு ஜெயித்தது யார்? நீங்களா?