படம் காயலைங்க!

எழுபத்தோரு வயதில் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் ஓய்வு எடுக்கவே மாட்டேன்!

எல்லாம் டாக்டரால் வந்தது. போன மாதம் ஸ்டூலில் ஏறிப் படம் வரைந்துகொண்டிருந்தபோது தலை சுற்றி விழுந்தேன். விழும்போதும் தூரிகையை விடவில்லை. அந்த வீரத்தை ஒருத்தரும் பாராட்டவில்லை. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். "காலையில ரெண்டு மணி நேரம் வேலை. மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் படுக்கணும்" என்றார். என்னிடமா சொன்னார்? என் மனைவியிடம்! தீர்ப்பை நேரே ஜெயிலர் கையில் கொடுத்துவிட்டார்.

"தூங்கறதுக்கு என்ன அவசரம்? ஒரேயடியா தூங்கத்தானே போறேன்!" என்றேன்.

"அதைத் தள்ளிப்போடத்தான் இது. படுங்க" என்றாள் அவள்.

என் கஷ்டம் எனக்கு. சுவர் அகலத்துக்கு ஒரு படம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருபத்திரண்டு பேர். ஆறு வாரத்தில் கண்காட்சி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த இருபத்திரண்டு பேரையும் அரைகுறை முகத்தோடு நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயம். பயந்தவனுக்குத் தூக்கம் ஒரு கேடா?

ஆகவே திட்டம் தீட்டினேன். இரண்டு மணிக்கு மனைவி என்னைப் படுக்க வைத்து, போர்வையை இழுத்துவிட்டு, தையல் சொல்லிக்கொடுக்கப் போவாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்தேன். பூனை நடை நடந்து வேலை அறைக்குள் புகுந்தேன். ஒரு முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம்!

எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சு காய்ந்தால்தான் மேல்பூச்சு போடலாம். அவசரப்பட்டால் முகம் சேறாகிவிடும். வழக்கமாக இரண்டு நாளில் காயும். இது போட்டு நாலு நாள். சரி, பத்து நிமிஷம் பார்ப்போம் என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணைத் திறந்தால் கேட் திறக்கும் சத்தம்! விழுந்தடித்து ஓடிப் போர்வைக்குள் பதுங்கினேன்.

"தூங்கினீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி!"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பாவம், பல்வலி. கிராம்புத் தைலம் வாங்கி வைத்திருந்தாள். வீடு பூரா அந்த வாசனைதான்.

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம். மின்விசிறியை வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். அவளுடைய முடி உலர்த்தும் மெஷினை எடுத்துவந்து இருபத்திரண்டு பேருக்கும் சூடு காட்டினேன். ம்ஹூம்! வண்ணக் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "சரக்கு நல்ல சரக்குதான் சார், நீங்கதான் பொறுமையா இருக்கணும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். ஆனாலும் நான் அசரவில்லை. தினமும் ரகசியமாகப் போய், நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காவல் காத்தேன்.

பதினைந்து நாள் கழித்து டாக்டர் பார்த்தார்.

"பிரஷர் இறங்கிடுச்சே! கையை நீட்டுங்க. நடுக்கமே இல்ல. நல்லா ஓய்வு எடுத்திருக்கீங்க!"

சபதம் எடுத்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? எழுந்து நின்று முழங்கினேன்.

"டாக்டர், நான் ஒரு நாள்கூடப் படுக்கல! தினமும் இவளை ஏமாத்திட்டு வேலை அறைக்குத்தான் போனேன்!"

"போய் என்ன செஞ்சீங்க?"

"காயட்டும்னு இருந்தேன்."

"எப்படி?"

"நாற்காலியில... சாய்ஞ்சு."

டாக்டர் இருமினார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் வறுத்த கடலை வாங்கி, கடக் கடக்கென்று மென்றாள்.

"உனக்குப் பல்வலியாச்சே?"

"எனக்கு எப்பங்க பல்வலி வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இவள் அப்பா இவளை வரையச் சொன்னார். பத்து நாள் வேலை. வண்ணத்தில் கிராம்புத் தைலம் கலந்தால் லேசில் காயாது. கலந்தேன். "காயலைங்க, நாளைக்கும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே நாலு மாதம் எதிரில் உட்கார வைத்தேன். கல்யாணம் ஆன ஜோரில் அதை இவளிடமே பெருமையடித்துத் தொலைத்தேன்.

"அடிப்பாவி! நான் வண்ணம் குழைக்கிற எண்ணெய் பாட்டில்ல கலந்துட்டியா? படம் முடியாமப் போச்சுன்னா?"

"புது பாட்டில் மாத்தி வச்சாச்சு. இன்னும் நாலு வாரம் இருக்கு, கையும் நடுங்கல. ஏங்க, உங்களுக்காக நாலு மாசம் ஆடாம அசையாம உட்கார்ந்தேனே, எனக்காகப் பதினஞ்சு நாள் உட்காரக் கூடாதா?"

நானும் நாலு கடலையை வாங்கி மென்றேன். அதற்காகச் சபதத்தை விடுவேனா? ஒரு வாரம் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அன்றைக்கு இரண்டு மணிக்குக் கேட் சாத்தியதும் பாய்ந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது! கை கல் மாதிரி நின்றது. வெற்றி, வெற்றி என்று தூரிகையை ஓங்கினேன்.

கொட்டாவி வந்துவிட்டது.