பூனைக்கு மொழிபெயர்ப்பவர்

செல்லப்பிராணி ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். மனசறிந்தவர் என்ற இனத்தைக் கட்டாயம் சந்திப்பீர்கள். தேட வேண்டாம். பாதி தன் குரலிலும் மீதி தன் பிராணியின் குரலிலுமாக அவரே பேசிக்கொண்டிருப்பார்.

நாய் கொட்டாவி விட்டால் அவருக்கு அது விமர்சனம், முயல் காதை மடக்கினால் மனத்தாங்கல், ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டால், “இன்னிக்கு யாரையும் பார்க்கிற மூடு இல்லையாம்.” இந்த இனத்தார் கிளி மட்டும் வளர்ப்பதில்லை. அது சொந்தமாகப் பேசிவிடும்.

போன வாரம் நான் பார்த்தவர் இந்த இனத்தில் நன்றாக முற்றியவர். துரை என்ற ஆண் பூனை இருந்த கூடையை மனைவி சுமந்து வந்தார். துரையின் கருத்துகளை இவர் சுமந்து வந்தார். வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலேயே எடை பார்க்கும் மேசை என்பதால் நடந்ததெல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

“என்ன பண்ணுது?” என்று கேட்டார் நர்ஸ்.

“ஒண்ணும் பண்ணலைங்க, கோவம். பழைய சோபாவைத் தூக்கிட்டுப் புதுசு வாங்கினேன். ‘என்னை ஒரு வார்த்தை கேட்டியா’ங்கிறான். அதான் சாப்பிடமாட்டேங்கிறான்.”

“ஒண்ணுக்கு ஒழுங்காப் போறானா?”

மனைவி வாயைத் திறந்தார். “நேத்துலேருந்து மணல் தட்டுல போய்ப் போய்...”

“அது என்னைக் குத்திக்காட்ட! தட்டுல உட்கார்ந்து கத்துவான். ‘இனிமே இதுதான் என் சோபா’ங்கிறான். இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம்ங்க.”

நர்ஸ் துரையைக் கூடையிலிருந்து எடுத்து எடை மேசையில் வைத்தார். ஒரு கையால் துரையின் தோளை அணைத்துக்கொண்டு, கனிந்த பழம் நசுங்கிவிடாமல் தொடுவதுபோல மறு கையை அவன் வயிற்றுக்கடியில் கொடுத்தார். கை நின்றது. துரை ஒரு சத்தம் போட்டான்.

அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வரவில்லை.

“சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. நீங்க சொல்லுங்கம்மா. தட்டுல ஏதாவது ஈரம் இருந்துச்சா?”

“காலையிலேருந்து பதினாலு தடவை போனான். எண்ணினேன். ஒரு சொட்டு இல்ல. மணல் காஞ்சு கிடக்கு.”

“கோவமில்ல சார், அடைச்சுக்கிட்டிருக்கு. மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. இன்னிக்கு விட்டா நாளைக்கு இதயமே நின்னுடலாம்.” சொல்லி முடிப்பதற்குள் துரையோடு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, “டாக்டர், ஆண் பூனை, அடைப்பு!” என்று குரல் கொடுத்தபடி உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் மனசறிந்தவர் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது. அது என்ன சொல்கிறது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அன்பில்லாதவருக்கு இந்த வியாதி வராது.

நர்ஸ் வந்தார். “குழாய் போட்டாச்சு, மூத்திரம் இறங்கிடுச்சு. பிழைச்சுக்குவான். மூணு நாள் இங்கேயே இருக்கணும். வந்து பாருங்க.”

திறந்த கதவு வழியே தெரிந்தது. போர்வைக்குள் துரை, முன்காலில் சலைன். மயக்கத்தில் பூனைக்குக் கண் மூடாது என்பதால், அது காய்ந்துவிடக் கூடாது என்று நர்ஸ் கண்ணில் களிம்பு இட்டுக்கொண்டிருந்தார். துரையின் வால் நுனி ஒரு விரல்கடை அசைந்தது.

“பார்த்தீங்களா, ‘மன்னிச்சுட்டேன்’ங்கிறான்!”

“மயக்கம் தெளியுது சார்.”

அவர் விடவில்லை. மனைவி பக்கம் கையைக் காட்டினார். “இவளும் ரொம்ப பயந்துட்டா. இப்பதான் நிம்மதியா இருக்கா.”

“நான் இப்ப வாயே திறக்கலையே,” என்றார் மனைவி.

சிரித்தீர்களா? உங்கள் மைத்துனர் ஞாபகம் வந்ததா? வரட்டும். ஆனால் உங்கள் வீட்டு உள் அறையில் ஒருவர் சாப்பாடு வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாரே, “அது சும்மா வீம்பு, தானா சரியாயிடும்” என்று சற்றுமுன் யாரோ சொன்னார்களே, அது யார் குரல்? எழுந்து போய் அவரையே கேளுங்கள். என்ன சொன்னார் என்று வந்து எனக்கு விளக்க வேண்டாம்.