வெள்ளைத் துண்டு விரித்த சீட்

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குப் பெருமையும் குறைவாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெளியே காட்டாமல் உள்ளே மூட்டை கட்டி வைத்திருப்பான். அப்படி ஒரு மூட்டையோடுதான் 2007-இல் கீரப்பாளையத்துக்குப் பெண் பார்க்கப் போனேன், தீயணைப்புத் துறைப் பெரிய அதிகாரியின் ஜீப்பில்.

அக்காவின் கணவர் கடலூரில் அந்த அதிகாரிக்கு டிரைவர். சிதம்பரத்தில் இருந்த அய்யாவை அழைத்துவர வண்டி காலியாகப் போனது. "பஸ்ல போனா சட்டை கசங்கிடும். ஏறு மச்சான், உன்ன எறக்கிட்டு வந்து அவர ஏத்திக்கிறேன்" என்றார் மாமா. அப்பாவும் அம்மாவும் முன்பே பஸ் ஏறியிருந்தார்கள். (பத்தாவதோடு நின்றவன் என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அம்மா படுத்தே விடுவாள்.)

செக்கச் சிவந்த ஜீப். கூரையில் சுழல்விளக்கு. முன்சீட்டில் வெள்ளைத் துண்டு. அதில் உட்கார்ந்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நாலு பேரை முறைத்துப் பழகிக்கொண்டேன்.

பெண் வீட்டுத் தெருவில் திரும்பியதும் மாமா சைரனை அலறவிட்டார்.

"என்ன மாமா இது?"

"மாப்பிள்ள வர்றது ஊருக்குத் தெரிய வேணாமா?"

நன்றாகவே தெரிந்தது. எங்களுக்கு பஜ்ஜி போடக் கொல்லையில் மூட்டிய அடுப்பிலிருந்து பொறி பறந்து, பெண் வீட்டு வைக்கோல்போர் எரிந்துகொண்டிருந்தது. "பயர் சர்வீஸ் வந்துடுச்சு!" என்று கத்தியபடி, அதுவரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஊர் குடத்தைக் கீழே வைத்துவிட்டது.

ஓடிவந்து ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு குடை, அய்யாவின் ஷூ, ஒரு பை கத்தரிக்காய்.

"தண்ணி எங்க?"

மாமா விறைப்பாகச் சொன்னார்: "இது அய்யா போற வண்டி. தண்ணி வண்டி வேற."

"அப்ப இது எதுக்கு?"

"மேற்பார்வைக்கு."

பெண்ணின் அப்பா என் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, பக்கத்துல மாட்டுக்கொட்டா இருக்கு. எதாவது பண்ணுங்கய்யா!"

நான்தான் மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். கை முந்திக்கொண்டது. முன்னால் அய்யாவின் குடிதண்ணீர் பாட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கி, வைக்கோல்போரைச் சுற்றித் தெளித்தேன். (புதுமனை புகுவிழாவுக்கு வந்த அய்யர் மாதிரி இருந்ததாம்.)

முகமெல்லாம் கரியோடு, பட்டுப்புடவை சொட்டச் சொட்ட ஒரு பெண் குடத்தைத் தூக்கினாள். "அய்யா, நீங்க போய் சீட்ல உக்காருங்க. தண்ணி நாங்களே ஊத்திக்கிறோம்."

ஊர் சிரித்தது. ஊற்றி அணைத்தும்விட்டது.

அப்போதுதான் பஸ் இறங்கி வந்த அம்மா தெருவிலிருந்தே கத்தினாள்: "டேய், பொண்ணு வூட்டுக்குள்ள போவாம பாட்டில வச்சிகினு என்னடா பண்ற?"

"இவருதான் மாப்பிள்ளையா?" என்றார் பெண்ணின் அப்பா. பட்டுப்புடவை குடத்தால் முகத்தை மறைத்துக்கொண்டது. வெட்கம் என்று நினைத்தேன். சிரிப்பு.

எப்படியோ சம்மதித்தாள். "நெருப்பப் பாத்து ஓடலியே, அது போதும்" என்றாளாம்.

இன்றும் மாமனார் வீட்டில் ஏதாவது வேலைக்கு நான் கை நீட்டினால், மச்சினன் நாற்காலியை இழுத்துப்போட்டு வெள்ளைத் துண்டை விரிப்பான். உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "அய்யா உக்காரட்டும். தண்ணி நாங்களே ஊத்திக்கிறோம்."

நானும் உட்கார்ந்துவிடுகிறேன். அந்தத் துண்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், பெரிய அதிகாரிகள் ஏன் லேசில் வண்டியைவிட்டு இறங்குவதில்லை என்று.