கோட்லிவ் நட்ட செடிகள்

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள். ஃபிர்மினின் தோட்டத்தில் ஒரு குட்டிக்கோசுகூடத் திரளவில்லை. தண்டு நெடுக நெல்லிக்காய் போல இறுகியிருக்க வேண்டியவை, வாடிய ரோஜாக்களாக விரிந்து கிடந்தன.

ஜூனில் நாற்று நட்டவள் அவர் மனைவி கோட்லிவ். ஜூலையில் இறந்துபோனாள். பெல்ஜியத்தின் கெண்ட் நகராட்சி வாடகைக்கு விடும் அந்தத் துண்டு நிலத்தில் ஃபிர்மின் அதுவரை கால் வைத்ததில்லை. டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மகள் ஹில்டே தொலைபேசியில் கேட்டிருந்தாள்.

"கல்லறைக்குப் போயிட்டு வந்து அம்மா நட்ட கோசைச் சாப்பிடலாம்பா. இனிமே அது ஏது?"

"சமைச்சு வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டார்.

ஒரு மூட்டை கோழி எருவைக் கொட்டினார். ஒரே வாரத்தில் இலைகள் குடை மாதிரி வளர்ந்தன. கோசுகள் இன்னும் விரிந்தன.

பக்கத்துத் தோட்டத்து ஆர்மாண்ட் வேலியில் சாய்ந்து பார்த்தார்.

"இலையைச் சமைக்கப் போறீங்களா சார்?"

"இலைதான் எல்லாச் சத்தையும் தின்னுது," என்றார் ஃபிர்மின். கத்தியை எடுத்து இலைகளை ஒன்று விடாமல் அறுத்தார்.

மறைப்பு போனதும் புறாக்கள் வந்தன.

"ஓ, பந்தி இவங்களுக்கா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் ஆர்மாண்ட்.

ஃபிர்மின் வீட்டுக்குப் போய், ஜன்னலின் லேஸ் திரைச்சீலையைக் கழற்றி வந்து செடிகள்மேல் போர்த்தினார்.

"வெள்ளை முக்காடு போட்டுக்கிட்டு சர்ச்சுல புதுநன்மை வாங்கப் போற புள்ளைங்க மாதிரி நிக்குதுங்க," என்றார் ஆர்மாண்ட்.

மதியம் காற்று எழுந்தது. திரைச்சீலை கப்பல் பாயாக உப்பி, பாதிச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டது.

ஆர்மாண்ட் வேலியைத் தாண்டி வந்தபோது, ஃபிர்மின் ஈர மண்ணில் உட்கார்ந்து, சாய்ந்த செடி ஒன்றை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தார். ஆர்மாண்ட் கேலி பேசவில்லை. குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

ஃபிர்மின் ஒரு மடக்குக் குடித்தார். "ஆறிப்போச்சு."

பிறகு செடியைப் பார்த்தபடியே சொன்னார். "அவ கையால நட்டது இது மட்டும்தான் மிச்சம். அதையும் கெடுத்துட்டேன். அவ என்ன பண்ணுவா? பக்கத்துல இருந்து பாத்திருப்பீங்களே."

ஆர்மாண்ட் தன் தோட்டத்துக்குப் போனார். ஒரு பை நிறையக் கோசு பறித்து வந்தார். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு போல இறுகியிருந்தது.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

"உங்களது வேண்டாம். என் பொண்ணு கேட்டது அவங்க அம்மாவோடது."

"அவங்க அம்மாவோடதும் இதுதான்."

ஃபிர்மின் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க செடியும் வருஷா வருஷம் இப்படித்தான் விரிஞ்சு போகும். அவங்க வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் நான் பறிச்சுக் குடுத்தது. வெளியில சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

"எதுக்கு?"

ஆர்மாண்ட் பையை மண்ணில் வைத்தார்.

"முதல் வருஷம் நான் குடுத்ததைச் சாப்பிட்டுட்டு, 'நல்லா இருக்கு'ன்னு சொன்னீங்களாம். கல்யாணமானதுலேருந்து நீங்க அப்படிச் சொன்னது அது ஒண்ணைத்தானாம்."