கேப் பல்லும் வெள்ளை விரதமும்

என் மனைவி சூடாமணி என்னைச் சந்தேகப்படுகிறாளோ என்று நான் சந்தேகப்பட ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை சாயந்திரம்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு விஷ்ணுப்ரியாகிட்ட போகணும். நீங்களும் வரணும்" என்றாள், வெண்டைக்காய் நறுக்கியபடி.

"எதுக்கு?"

"பல்லுக்குத்தான். பின்னே காதுக்கா?"

நீங்களும் என்றால் என் பல்லையும் பார்ப்பாள் என்றுதானே அர்த்தம்? விஷ்ணுப்ரியா கரமனையில் பல் டாக்டர். எங்கள் வலியசாலையில் பாதிப் பேர் வாய் அவளுக்கு அத்துப்படி. மூன்று மாதம் முன்னால் ஒரு கொட்டைப்பாக்கைக் கடித்து என் முன்பல் உடைந்தபோது, மற்ற பற்களைச் சுத்தம் செய்து, மாதிரிப் பல்லைப் பக்கத்தில் பிடித்து நிறம் பார்த்து, உடைந்த பல்லின் மேல் அச்சு அசலாக ஒரு கேப் மாட்டிவிட்டவள். அன்றைக்கே சூடாமணி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். இனிமேல் வெற்றிலை பாக்குத் தொடக்கூடாது.

"தொட்டா?" என்று ஒரு தகவலுக்காகத்தான் கேட்டேன்.

"தொட்டா, உங்க சாயந்திர வாக்கிங்குக்கு நானும் கூட வருவேன்."

இதன் பயங்கரம் உங்களுக்குப் புரியாது. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும். மீதியெல்லாம் ஆபீஸுக்கும் சூடாமணிக்கும் சொந்தம். அந்த ஒன்றரை மணியில் பத்து நிமிஷம் நடப்பேன். பாக்கி நேரம் ஷிபுவின் முறுக்கான் கடையில் நிற்பேன். முறுக்கான் என்றால் இந்த ஊரில் வெற்றிலை பாக்கு. சத்தியத்துக்கு அப்புறமும் நின்றேன். சும்மா நின்றால் ஷிபு என்ன நினைப்பான்? அவன் மனசு நோகக்கூடாதே என்று போட்டுக்கொண்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். சொந்தப் பல்லெல்லாம் செங்கல் நிறம். கேப் மட்டும் பளிச்சென்று இருந்தது. இதுவரை வீட்டில் தெரியாமல் போனதற்குக் காரணம், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் எனக்குச் சிரிக்கும்படி அதிகம் வாய்க்கவில்லை. ஆனால் டாக்டர் 'ஆ' காட்டச் சொன்னால் காட்டித்தானே ஆகவேண்டும்?

டாக்டரிடமே போய் வெளுத்துக்கொள்ளலாம் என்றால், எந்தப் பல் டாக்டரின் வரவேற்பறையிலும் வலியசாலை மாமி ஒருத்தியாவது தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆகவே வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தேன். ஆன்லைனில் பல் வெளுக்கும் பட்டை, ஆபீஸ் விலாசத்துக்கு. பல்லில் ஒட்ட வேண்டும், அரை மணி வைக்க வேண்டும், உரிக்க வேண்டும். தினம் ஒன்று வீதம் பதினாலு நாள். பெட்டி வந்தது செவ்வாய்க்கிழமை. என்னிடம் இருந்தது மூன்றரை நாள். நான் விடுவேனா? தினம் நாலு பட்டை என்று வைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. காபி, டீ, மஞ்சள், மசாலா, நிறமுள்ள எதுவும் கூடாதாம். வெள்ளையாக இருப்பதைத்தான் சாப்பிட வேண்டுமாம். இதை எழுதினவன் எந்த ஊர்க்காரனோ. எங்கள் தெருவில் ஒரு ஆண்பிள்ளை காலையில் காபி வேண்டாம் என்றால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் காரியம் நடத்த வாத்தியாரைக் கூப்பிடுவார்கள்.

புதன்கிழமை காலை.

"காபி ஆறிப் போறது."

"வேண்டாம்."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"என்ன சொன்னேள்?"

"விரதம். சனிக்கிழமை வரைக்கும் வெள்ளையா இருக்கறதுதான் சாப்பிடணும். சந்திரனுக்கு ப்ரீதியாம்."

"சந்திரனுக்கும் உங்களுக்கும் என்ன தகராறு?"

"வராம இருக்கத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். இட்லி வைத்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் குளியலறையிலும் நிம்மதி இல்லை.

"ஏன்னா, உள்ளே தூங்கிட்டேளா?"

"ம்ம்."

"வாயைத் திறந்து பேசுங்கோ."

"ம்ம்ம்."

வியாழக்கிழமை வத்தக்குழம்பு வைத்தாள். எனக்கு அது உயிர் என்று அவளுக்குத் தெரியும். நான் தயிர் சாதம் சாப்பிட்டேன். தயிர் பட்ட இடமெல்லாம் பல் கூசி, மண்டை வரை ஷாக் அடித்தது. வெள்ளிக்கிழமை அடைப்பிரதமன், அதாவது வெல்லப் பாயசம். விசேஷம் இல்லாமல் எங்கள் வீட்டில் பிரதமன் வைத்ததாகச் சரித்திரமே இல்லை. எதற்கு வைத்தாள்? யாருக்கு வைத்தாள்?

"ஒரு வாய் சாப்பிடுங்கோ."

"வெல்லம் வெள்ளையில்லையே."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

சனிக்கிழமை காலை கடைசி இரண்டு பட்டைகளையும் உரித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பல்லெல்லாம் டியூப்லைட். ஒன்றே ஒன்று தவிர. கேப் பல்லை எந்த மருந்தும் வெளுக்காது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பச்சரிசியில் கிடந்த துவரம்பருப்பு மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு கிளம்பினேன்.

கிளினிக்கில் நாற்காலியைப் பார்த்ததுமே செருப்பைக் கழற்றினேன். ஏறப் போனேன்.

"நீங்க இல்லை மாமா" என்றாள் விஷ்ணுப்ரியா. "மாமி, உட்காருங்கோ. தங்கை பொண் கல்யாணத்துக்குப் பல் வெளுக்கணும்னு சொன்னேளே."

அப்பாயின்ட்மென்ட் சூடாமணிக்கு. நான் வெறும் துணை. சந்தோஷத்தில் சிரிக்கப் போனவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வீட்டிலேயே பண்ணிக்கப்படாதா டாக்டர்?" என்று கேட்டாள் சூடாமணி.

"பண்ணலாம் மாமி, ஆனா மெதுவா, சொன்ன அளவுதான். இஷ்டத்துக்கு ஒட்டினா பல் கூசும், ஈறு பொத்துப்போகும். இங்கேன்னா ஈறை மறைச்சுட்டு மருந்து வைப்பேன். ஒரு மணி நேரம் போதும். ஆனா ரெண்டு நாள் பத்தியம் உண்டு. காபி கூடாது."

"ம்."

"சாம்பார், ரசம், மஞ்சள் போட்டது ஒண்ணும் கூடாது."

"ம்."

"வெள்ளையா இருக்கறது மட்டும். இட்லி, தயிர் சாதம்..."

கழுத்தில் கட்டிய துணியோடு சூடாமணி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இது சந்திரனுக்கு ப்ரீதியா டாக்டர்?"

"சந்திரனா? பல் வெளுத்தா எல்லாருக்கும் இதுதான் மாமி."

"ஏன்னா, வாயைத் திறங்கோ."

திறந்தேன். விஷ்ணுப்ரியா விளக்கை என் முகத்துக்குத் திருப்பினாள்.

"கேப் வெளுக்காதே மாமா. என்னைக் கேட்டிருக்கலாமே."

"அழகுக்காகப் பண்ணினேன். கல்யாணம் வரதில்லையா?" என்றேன்.

"அழகுக்குன்னா சந்திரனை ஏன் இழுத்தேள்? கறை இல்லாத பல்லை யாராவது ஒளிஞ்சு வெளுப்பாளா?" என்றாள் சூடாமணி. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "நான் சந்தேகமே படலை. காபி வேண்டாம்னேளே, அதுக்கப்புறம்தான் பட்டேன். சுகர் வந்து மறைக்கறேளோன்னு பயந்து பிரதமன் வச்சுப் பார்த்தேன். மூணு நாளா எனக்கு ஒரு வேலை ஓடலை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்காக அவள் தண்டனையைக் குறைக்கவில்லை.

அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் ஒரு திட்டம் போட்டேன். வேகமாக நடந்தால் மூன்றே நாளில் கால் வலி என்று நின்றுவிடுவாள். தம்பானூர் வரை இழுத்துக்கொண்டு போனேன். நாலாம் நாள் அவள் எனக்கு முப்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஷிபு கடையைத் தாண்டும்போது நான் வானத்தைப் பார்த்தேன். கல்யாணம் முடிந்த வாரம் இரண்டு மாமிகள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை சூடாமணி சொன்னாள்:

"ஏன்னா, நீங்க வந்தா எங்களுக்கு லேட்டாறது. ஆத்துலேயே இருங்கோ. அரிசி ஊறப் போட்டிருக்கேன், அரைச்சு வச்சுடுங்கோ."

இப்போது ஆறு மணியிலிருந்து ஏழரை வரை கிரைண்டர் பக்கத்தில் நான். நேற்று அவள் திரும்பி வந்தாள். "ஷிபு உங்களை ரொம்ப விசாரிச்சான்" என்றாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே. அவள் வாய் நன்றாகச் சிவந்திருந்தது.