மூன்றில் இரண்டு பங்கு லோரென்ஸ்

ஓபர்வைலர்,
1734 ஜூன் 2, புதன்.

உல்ம் நகரத்தில் ஸ்வாபிய வட்டச் சபையின் எழுத்தராக இருந்து எங்கள் குடும்பத்துக்கே பெருமை தேடித் தரும் அத்தான் மெல்கியோர் அவர்களுக்கு, மைத்துனன் வெண்டலின் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு இடுப்பு வலி, வீட்டுக்காரி ஒட்டிலியாவுக்கு என்மேல் கோபம், பசு மட்டும் நலம். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு வீட்டிலாவது அப்படி இருக்கட்டும்.

விஷயம் நம் பிள்ளை லோரென்ஸைப் பற்றியது. ரைன் கரையில் பிரெஞ்சுக்காரனோடு மறுபடியும் சண்டையாம், ஓபர்வைலர் ஒரு காலாள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது, சீட்டுக் குலுக்கினார்கள், இருபத்திரண்டு பையன்களில் நம் பையன் பெயர் வந்தது, அதுவும் வால்புர்காவுடன் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஒன்பதாவது நாள். ஒரு காலாள் என்றேனே, அதுவே சரியில்லை. தங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க ரவுனெக் பிரபுவுடையது, அதனால் முழு ஆள் அவர் கணக்கு. பிறகு பிரபு வம்சத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள், தம்பிக்கு மூன்றில் இரண்டு கிடைத்தது, அவருக்கு ஜுரம் வந்தது, பிழைத்தால் தன் பாகத்தை மடத்துக்குத் தருவதாக வேண்டிக்கொண்டார், பிழைத்ததும் பாதியைத்தான் தந்தார், மீதியை அண்ணன் மகன் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டான். இப்படியாக இருநூறு வருஷமாய் எங்கள் ஊர்ச் சிப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு பிரபுவுக்கு, ஒரு பங்கு மடத்துக்கு. மேல்கோட்டும் துப்பாக்கியும் மாதத்தில் இருபது நாள் சாப்பாடும் பிரபு தர வேண்டும், தொப்பியும் பூட்ஸும் பத்து நாள் சாப்பாடும் மடம் தர வேண்டும்.

இதில்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். எல்லைக்கோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். சமையலறை மடத்துப் பக்கம், படுக்கையறை பிரபு பக்கம். நான் போய், "ஐயா, பையன் முழுசா யாரோட குடின்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். வீடு யாருடையது என்று முடிவாகிறதோ அவர்களே முழுச் சிப்பாயையும் கட்டி அழ வேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் உறைத்துவிட்டது. மறுநாளே பிரபுவின் காரியஸ்தர் ட்ராக்ஸ்லரும் மடத்துக் காரியஸ்தர் கொலும்பான் சாமியாரும் அளவுக் கயிறும் பழைய பத்திரங்களுமாக வந்து இறங்கினார்கள். பன்றி அடிக்கிற நாளில்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு கூட்டம் இருந்ததில்லை.

அத்தான், போன வருஷம்வரை இந்த வீட்டு வரிக் கோழி தனக்குத்தான் என்று இருவரும் என் கொல்லையில் நின்று கத்தினார்கள். இப்போது பாருங்கள். "இந்த அடுப்பு எப்பவுமே மடத்து அடுப்புதான். எங்க பிரபு பெரிய மனசு பண்ணி மொத்த வீட்டையும் விட்டுக்குடுக்கறார்" என்கிறார் ட்ராக்ஸ்லர். சாமியார் விடுவாரா? "ஐயோ, வேண்டாங்க. அடுப்பு இங்க இருந்தா என்ன, புகை பூரா உங்க பக்கந்தானே போகுது? வீடு உங்களுதுதான்." ஒரு தீர்மானமும் ஆகாமல், லோரென்ஸ் எந்த அறையில் பிறந்தான் என்று கேட்க மருத்துவச்சி கிரெஸென்ஸைக் கூட்டி வந்தார்கள். எழுபத்தெட்டு வயது, வாயில் மூன்று பல், பயம் கிடையாது. "சமையல்கட்டுல வலி எடுத்துச்சு, படுக்கையில பெத்தா. நடுவுல வாசப்படியிலயே தலை வந்துடுச்சு. தலை மடத்துக்கு, உடம்பு பிரபுவுக்கு, எழுதிக்கங்க!" என்றாள். கொலும்பான் சாமியார் உண்மையாகவே எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் அளந்தார்கள். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள்: சக்கரத் தச்சன் வெண்டலின் வீடு பிரபுவின் எல்லையிலும் இல்லை, மடத்தின் எல்லையிலும் இல்லை. அப்படியானால் சிப்பாயும் இல்லை! நான் ஆப்பிள் மது பீப்பாயைத் திறந்து தெருவுக்கே ஊற்றினேன். ஒட்டிலியா மட்டும் குடிக்கவில்லை. "சிரிச்சுக்கங்க, சிரிச்சுக்கங்க. இனிமே நாம எந்த ஊரு?" என்றாள். பெண்பிள்ளை பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கோதுமை அரைக்கப் போனால் ஆலைக்காரன், "ஆலை பிரபுவோட குடிகளுக்கு. நீ யாரு?" என்றான். முப்பது வருஷமாக அவன் ஆலைக்குச் சக்கரம் செய்து தருகிறவன் நான்! சரி போகட்டும் என்று கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லப் பாதிரியாரிடம் போனேன். அவர் எஜமானின் அனுமதிச் சீட்டு கேட்டார். எஜமான் இல்லை என்றேன். எஜமான் இல்லாதவனுக்கு எப்படிக் கல்யாணம் செய்துவைப்பது என்று அவர் என்னையே கேட்கிறார். அதற்குள் வால்புர்கா பட்டறைக்கு வந்துவிட்டாள். நான் ஆரக்கால் செதுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை. "மாமா, நான் கேட்டது ஒரு புருஷன். எல்லைத் தகராறு கேக்கல" என்றாள். "எங்கப்பா சொல்லிட்டாரு, எந்த மண்ணுலயும் சேராதவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு." அவள் பின்னால் நின்ற லோரென்ஸ் முன்னால் வந்தான். "அப்பா, யாரோட ஆளா வேணா இருக்கேன். ஏதாவது ஒண்ணா இருக்க விடுங்க" என்றான். அதற்குமேல் எனக்கு உளி ஓடவில்லை.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு காரியஸ்தர்களிடமும் மாறி மாறி நடந்தேன். பதினோரு தடவை. என் வீட்டைப் பழையபடி இரண்டாக வெட்டித் தாருங்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் இரங்கினார்கள். சிப்பாயாகப் போகிறேன் என்று லோரென்ஸ் கையெழுத்துப் போட்டால் அனுமதிச் சீட்டு உண்டு. போட்டுவிட்டான். வரும் திங்கள் கல்யாணம், செவ்வாய் புறப்பாடு. மேல்கோட்டு வந்துவிட்டது, இரண்டு லோரென்ஸ் நுழையலாம். பூட்ஸ் இரண்டாக இருப்பதால் மடத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு அது அதிகம் என்று அங்கே யோசிக்கிறார்களாம்.

அத்தான், எனக்கு அலுத்துவிட்டது. இந்த வட்டத்தில் எத்தனை பிரபு, எத்தனை மடம், எத்தனை நகரம் என்று தங்களுக்குத் தெரியும், நாங்கள் அதில் ஒரு ஓரத்து வரி. தாங்கள் பதிவேடு எழுதும்போது எங்கள் ஊர் வரியின்மேல் கொஞ்சம் மை கொட்டினால் பேரரசுக்கு என்ன குறைந்துவிடும்? அது முடியாது என்றால் ஒரு ஜோடி பூட்ஸாவது அனுப்பி வையுங்கள், அவன் கால் என் காலைவிட ஒரு விரல் நீளம். தங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் கடவுள் நல்ல உடம்பையும், ஒரே ஒரு எஜமானையும் தந்து காக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் அலுத்துப்போன மைத்துனன்,
வெண்டலின்

பின்குறிப்பு: வியாழன், மதியம். கடிதத்தின் அரக்கு முத்திரையை உடைத்து எழுதுகிறேன். மை கொட்ட வேண்டாம், பூட்ஸும் வேண்டாம். இன்று விண்ணேற்றத் திருநாள் பூசைக்கு நாங்கள் கோயிலில் இருந்த நேரம் லோரென்ஸும் வால்புர்காவும் கிளம்பிவிட்டார்கள். ஹங்கேரியில் புது நிலம் தருகிறார்களாம், உல்மில் டான்யூப் படகு ஏறப் போகிறார்கள். "உனக்குத் தெரியுமா?" என்று ஒட்டிலியாவைக் கேட்டேன். "நீங்க பதினோரு தடவை நடந்துக்கிட்டிருந்தப்ப நான் வழிக்கு ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். இப்போது வாசலில் ட்ராக்ஸ்லரும் சாமியாரும் நிற்கிறார்கள், ஓடிப்போனவன் முழுக்க முழுக்கத் தம் பக்கத்துக் குடிதான் என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள். பிள்ளைகள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அத்தான், யாருடைய ஆள் என்று கேட்காமல் உள்ளே விடுங்கள், உல்மிலேயே கல்யாணத்துக்கு ஒரு பாதிரியாரைப் பாருங்கள். இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். அவனுக்கு நீச்சல் தெரியாது. படகின் நடுவில் உட்காரச் சொல்லுங்கள்.